மதகைத் திறக்கும் தேதியை யார் முடிவு செய்வது? காமார்க் ஈரநில நிர்வாகத்தில் ஊர்க்காரர்கள் சேர ஒரு வழிகாட்டி

தெற்கு பிரான்சில், ஆர்ல் நகரத்துக்குச் சற்று மேலே ரோன் ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்து மத்தியதரைக் கடலில் சேருகிறது. நடுவிலும் அதை ஒட்டியும் கிடக்கும் நிலம்தான் காமார்க். உப்பங்கழி, நாணல்காடு, உப்பளம், நெல்வயல், மேய்ச்சல் மாடு, பூநாரை எல்லாம் ஒரே தண்ணீரை நம்பி இருக்கும் இடம். இங்கே குடிவந்த புதிதில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சதுப்புக்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருடம் போனது. அதன் நிர்வாகக் கூட்டத்தில் எங்கள் ஊர்ச் சங்கம் உட்கார இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதில் பாதி, தவறான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியதிலும் தேதி தவறியதிலும் வீணானது. உங்களுக்கு அந்த வருடங்கள் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏரிக்கரையிலோ கழிக்கரையிலோ பிறந்து வளர்ந்து இப்போது ஆர்ல், மார்செய், மொன்பெலியே பக்கம் இருக்கும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். “நாம் வெளிநாட்டவர், நமக்கு இதில் என்ன பேச்சு” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். 1981 முதல் பிரான்சில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே சங்கம் தொடங்கலாம், தலைவராகவும் இருக்கலாம்.

1. நிலம் யாருடையது, நடத்துபவர் யார்: இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்

நான் செய்த முதல் தப்பு இது. உரிமையாளரும் நிர்வகிப்பவரும் ஒருவரே என்று நினைத்துவிட்டேன். காமார்க்கில் பெரும்பாலும் அப்படி இல்லை.

சலான்-த-ஜிரோ ஊருக்கு மேற்கே இருக்கும் பழைய உப்பளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 6,500 எக்டேர். கடற்கரை நிலங்களை வாங்கிக் காக்கும் அரசு நிறுவனமான கான்செர்வத்துவார் த்யூ லித்தொரால் 2008 முதல் அதைக் கட்டம் கட்டமாக வாங்கியது. ஆனால் அன்றாடம் அதை நடத்துவது மூன்று தரப்பு: காமார்க் பிராந்திய இயற்கைப் பூங்கா, தூர் த்யூ வலா ஆராய்ச்சி நிறுவனம், எஸ்.என்.பி.என். என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். கரையில் ஒரு பிரச்சினை என்றால் உரிமையாளருக்கு மட்டும் எழுதினால் போதாது. நடத்துபவருக்கு எழுதினால்தான் வேலை நகரும்.

செய்ய வேண்டியது:

- அரசின் கதாஸ்தர், அதாவது நிலப் பதிவேட்டு இணையதளத்தில் மனையின் எண்ணைப் பாருங்கள். இலவசம்.
- அந்த எண்ணோடு மெரிக்கு, அதாவது ஊர் நகராட்சிக்குப் போய் உரிமையாளர் பெயர் கேளுங்கள். கட்டணம் இல்லை. ஒருவர் வாரத்துக்கு 5, மாதத்துக்கு 10 கோரிக்கைதான் தரலாம். பெரிய சதுப்பு என்றால் மனைகளைப் பங்கிட்டு நான்கைந்து பேராகப் போங்கள்.
- நிலம் கான்செர்வத்துவாருடையது என்றால், நிர்வாக ஒப்பந்தம் யாரோடு, எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள். சட்டப்படி நிர்வாகப் பொறுப்பில் அந்தந்த ஊர் நகராட்சிக்கு, அது கேட்டால், முன்னுரிமை உண்டு. இதை அறியாத நகராட்சி உறுப்பினர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த முடியும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போவதென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத் திட்டம் எழுதி முடித்த பிறகு வந்தால் உங்கள் கருத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் வைத்துவிடுவார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தால் உங்கள் வரி திட்டத்துக்குள் போகும்.

2. எந்தக் குழு எதை முடிவு செய்கிறது

ஒரே தண்ணீருக்கு இங்கே பல குழுக்கள். எல்லாவற்றிலும் சேர ஓடாதீர்கள், களைத்துப்போவீர்கள்.

உங்கள் சதுப்பு, நத்யூரா 2000 என்ற ஐரோப்பிய இயற்கைக் காப்பு வலையமைப்பின் தளமாக இருந்தால் அதற்குக் ‘கோபில்’ என்ற வழிநடத்தும் குழு உண்டு. வாழிடங்கள், பறவைகள், மேய்ச்சல் பற்றிய இலக்குகளை அது ஒப்புக்கொள்கிறது. 2023 முதல் நிலப்பகுதித் தளங்களின் பொறுப்பு பிராந்திய அரசுக்கு மாறியிருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் பிரிஃபெக்சர், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தின் முகவரி இருக்கும். அதை நம்பிக் கடிதம் போடாதீர்கள். யார் தலைமை என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றுப்படுகைக்கு நீர்த்திட்டம் இருக்கும் இடங்களில், உதாரணமாக ரோனின் மேற்குக் கிளையான பெத்தி ரோனுக்கு மேற்கே கார் மாவட்டத்துக் காமார்க்கில், உள்ளூர் நீர் ஆணையம் இருக்கும். அதில் குறைந்தது பாதி இடம் உள்ளாட்சிகளுக்கு, குறைந்தது கால்பங்கு தண்ணீரைப் பயன்படுத்துவோருக்கும் நில உரிமையாளர்களுக்கும் சங்கங்களுக்கும். பதவிக்காலம் 6 ஆண்டு. நடுவில் சேர்வது கடினம்.

இவை எல்லாவற்றையும் விட ஊர்க்காரரின் வாழ்க்கையைத் தொடுவது மதகுகளைப் பற்றிப் பேசும் குழுதான். வக்கரேஸ் உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே சாந்த்-மரி-த-லா-மேர் பக்கம் ஃபூர்காத் என்ற மதகு இருக்கிறது. அதை எப்போது திறப்பது, மூடுவது என்று மீனவர், விவசாயி, பூங்கா, காப்பகம் எல்லோரும் சேர்ந்து பேச நீர் நிர்வாகக் குழு ஒன்று உண்டு. உங்கள் சதுப்பு சிறியதாக இருந்தாலும் இதுபோல் ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அதை உருவாக்கச் சொல்லிக் கேட்பதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

3. மனு எழுதும் முன் மதகடிக்குப் போங்கள்

சங்கம், விதிகள், முத்திரை எல்லாம் அப்புறம். முதலில் ஆறு வாரமாவது கரையில் நடங்கள். இங்கே மதகை மார்த்தெலியேர் என்பார்கள், வாய்க்காலை ரூபீன் என்பார்கள். இந்த இரண்டு சொல்லையும் சரியாகச் சொன்னாலே எதிரில் இருப்பவர் உங்களோடு பேச்சைத் தொடர்வார்.

ஒவ்வொருவருக்கும் வேண்டிய தண்ணீர் வேறு. நெல் விவசாயி ரோன் தண்ணீரைப் பாய்ச்சுகிறார். வயலிலிருந்து வடியும் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். மீனவருக்குக் குளிர்காலத்தில் கடல் மதகு திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் விலாங்குக் குஞ்சுகள் உள்ளே வரும். வேட்டைச் சங்கத்துக்கு ஆகஸ்ட் கடைசியில் பருவம் தொடங்கும்போது சதுப்பில் நன்னீர் நிற்க வேண்டும். இயற்கை ஆர்வலர்களோ கோடையில் சதுப்பு காய வேண்டும் என்கிறார்கள். மத்தியதரைக் கடல் சதுப்பு கோடையில் காய்வதுதான் இயல்பு. வருடம் முழுக்க நன்னீர் தேக்கினால் ஜூசி என்ற மஞ்சள் பூ நீர்க்கொடி மண்டிவிடும். ஒருமுறை மண்டினால் அதை எடுக்கும் செலவு ஊரையே திணறடிக்கும்.

எங்கள் ஊரில் ஒரு முதிய மீனவர் என்னை மதகடிக்குக் கூட்டிப்போனார். இரும்புக் கதவில் துரு ஏறியிருந்தது. திருகு கைப்பிடியைக் கழற்றித் தன் வண்டியில் வைத்திருந்தார். கதவை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கினார். தண்ணீர் சத்தமே இல்லாமல் உள்ளே வழிந்தது. பிப்ரவரி காலை. குனிந்து பார்க்கச் சொன்னார். நூல் போல, கண்ணாடி போல, விலாங்குக் குஞ்சுகள் சுவரை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தன. “இரண்டு விரல் போதும். இதைக் கூட்டத்தில் சொன்னால் படம் எங்கே, ஆவணம் எங்கே என்கிறார்கள்” என்றார். அவர் பேச்சை ஆவணமாக்குவதுதான் எங்கள் சங்கத்தின் முதல் வேலையாக இருந்தது.

கூட்டம் போடுவதற்கு நேரம் பாருங்கள். எங்கள் முதல் கூட்டத்தை ஒரு செவ்வாய் மதியம் இரண்டரை மணிக்கு வைத்தோம். வந்தவர்கள் நான்கு ஓய்வூதியர்கள். விடிகாலை வலை எடுக்கும் மீனவர் அந்த நேரத்தில் தூங்குவார். செப்டம்பரில் நெல் அறுவடை, யாரும் வரமாட்டார்கள். கோடையில் ஊர்களில் காளை விளையாட்டுகள். எங்களுக்குச் சரியாக வந்தது நவம்பரிலிருந்து மார்ச் வரை, வாரநாளில் மாலை ஆறரை மணி. மேசைமேல் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, பேசும் முன் ஒவ்வொருவரும் தாங்கள் போகும் பாதையைப் பென்சிலால் கோடு போடச் சொன்னோம். பேச்சு சூடாகும் முன்பே, ஒரே ரூபீனை நான்கு பேர் பயன்படுத்துவது எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது.

4. சங்கத்தைப் பதிவு செய்வது

தனி ஆளாகப் பேசினால் பார்வையாளர் வரிசை. சங்கமாகப் பேசினால் உறுப்பினர் வரிசை. 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் தொடங்க இரண்டு பேர் போதும். தேவையானவை:

- சங்க விதிகள், குறைந்தது இருவர் கையெழுத்துடன்
- தொடக்கப் பொதுக்கூட்டத்தின் குறிப்பு, தேதி, கையெழுத்து
- நிர்வாகிகளின் பெயர், குடியுரிமை, தொழில், முகவரி
- சங்க அலுவலக முகவரி (மெரியிடம் கேட்டால் அநேகமாக அவர்கள் முகவரியையே தருவார்கள்)

அரசு இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை. அரசிதழில் வெளியிடுவதும் 2020 முதல் இலவசம். முழுக் கோப்பு போனால் 5 நாளுக்குள் ரெசெப்பிசே, அதாவது ஒப்புகைச் சீட்டு வரும். ஆம், வதிவிட அட்டைக்காகக் காத்திருந்தவர்கள் நன்றாக அறிந்த அதே சொல்தான். இது அந்த அளவுக்கு இழுக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விதிகளில் ‘நோக்கம்’ என்ற பத்தியை அவசரமாக எழுதாதீர்கள். நாங்கள் “ஊரின் இயற்கையை ரசித்துப் பகிர்வது” என்று எழுதியிருந்தோம். கூட்டத்தில் ஒருவர் அதை வாசித்துக் காட்டி, நீர்மட்டம் பற்றிப் பேச உங்கள் விதியில் இடமில்லையே என்றார். விதியைத் திருத்த மறுபடி பொதுக்கூட்டம், மறுபடி பதிவு. திருத்தத்தையோ நிர்வாகி மாற்றத்தையோ 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், தவறினால் 1,500 யூரோ வரை அபராதம் உண்டு. ஆகவே ஈரநிலம், நீர் நிர்வாகம், மரபுத் தொழில்கள், எந்தெந்த ஊர் எல்லை என்று நான்கையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். எல்லையை எழுதும்போது உங்கள் ஊரோடு நிறுத்தாமல் அந்தத் தண்ணீர் வரும் ஊர், போகும் ஊர் இரண்டையும் சேருங்கள்.

சுற்றுச்சூழல் சங்கமாக அரசு அங்கீகாரம் வேண்டும் என்றால் சங்கத்துக்கு 3 ஆண்டு வயதாகியிருக்க வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். அதற்காக இப்போதே கவலைப்பட வேண்டாம். ஆனால் ஆண்டுக் கூட்டக் குறிப்பு, கணக்கு, உறுப்பினர் பட்டியலை முதல் நாளிலிருந்து ஒழுங்காக வையுங்கள். மூன்றாவது வருடம் தேடி அலைவது வேதனை.

5. வங்கிக் கணக்கு, காப்பீடு, சிரே எண்

பதிவு ஐந்து நாளில் முடிந்தது, வங்கிக் கணக்குக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு வங்கி காரணமே சொல்லாமல் இழுத்தது. மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு நாட்டின் மத்திய வங்கியான பாங்க் த பிரான்ஸிடம் போனால் கணக்குத் திறந்தாக வேண்டிய வங்கியை அவர்கள் குறித்துக் கொடுப்பார்கள். சங்கங்களுக்கும் இந்த உரிமை உண்டு.

சிரே என்பது அரசுப் பதிவேட்டில் சங்கத்தின் அடையாள எண். அது இலவசம், அது இல்லாமல் மானியம் கேட்க முடியாது. பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் ஒருவரையும் கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள். எங்களுக்கு ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் யூரோ ஆகிறது.

6. ஒரு வருடம் அளந்து எழுதுங்கள்

இதுதான் எங்களுக்குக் கதவைத் திறந்த வேலை. மதகுப் பக்கத்தில் நீர்மட்ட அளவுகோல் பதித்திருப்பார்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, அதன் எண்ணையும் உப்பின் அளவையும் ஒரு நோட்டில் எழுதினோம். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சிறிய ரிஃப்ராக்டோமீட்டர் முப்பது, நாற்பது யூரோதான். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உப்பு தெரியும்.

மூன்று எச்சரிக்கை:

முதலாவது, பூஜ்யம். அளவுகோலின் பூஜ்யமும் திட்டத்தில் எழுதியிருக்கும் கடல்மட்டப் பூஜ்யமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாங்கள் 15 சென்டிமீட்டர் என்று சொல்ல, எதிரில் இருந்தவர் மைனஸ் 5 என்று சொல்ல, அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. இருவர் சொன்னதும் ஒரே மட்டம்தான். வித்தியாசம் எவ்வளவு என்று நிர்வாகியிடம் எழுத்தில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, காற்று. மிஸ்த்ரால் வடக்கிலிருந்து வீசும்போது உப்பங்கழியின் தண்ணீர் தெற்குக் கரையில் குவியும். அன்று தெற்கில் அளந்தால் வெள்ளம், வடக்கில் அளந்தால் வறட்சி. காற்று அடங்கும் வரை பொறுங்கள், அல்லது காற்று என்று பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது, நோட்டை ஒருவரிடமே விடாதீர்கள். எங்களிடம் மீனவர் ஒரு வாரம், வேட்டைக்காரர் ஒரு வாரம், பள்ளி ஆசிரியை ஒரு வாரம் எழுதினார்கள். அதனால்தான் கூட்டத்தில் அந்த எண்களை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஜனவரி நடுவில் உலகெங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதில் சேர்ந்துகொள்ளுங்கள். பறவை தெரியாவிட்டாலும் எண்களைக் குறித்துக் கொடுக்க ஆள் தேவைப்படும்.

7. குழுவில் இடம் கேட்கும் கடிதம்

ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். குழுத் தலைவருக்கு எழுதி, நகலை நகராட்சித் தலைவருக்கும் பூங்காவுக்கும் அனுப்புங்கள். ஒப்புகையோடு பதிவுத் தபாலில் போடுங்கள். ரெசெப்பிசே நகல், விதிகள், உறுப்பினர்களைத் தொழில் வாரியாகக் காட்டும் பட்டியல் (பெயர் வேண்டாம், மீனவர் 6, விவசாயி 4 என்றால் போதும்), ஒரு வருட அளவீட்டின் ஒரு பக்கச் சுருக்கம். இவ்வளவு போதும்.

“எதிர்க்கிறோம்” என்று தொடங்காதீர்கள். காமார்க்கில் கடலோரக் கரைகளைப் பராமரிக்காமல் கடலை உள்ளே விடுவது பற்றி ஊர்க்காரர்களுக்கு நிஜமான பயமும் கோபமும் இருக்கிறது. நடந்து பழகிய கரை கண்ணெதிரே கரைந்து போவதைப் பார்ப்பவருக்கு அந்த வலி உண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடிதத்தில் அதைக் கேள்வியாக எழுதுங்கள்: எந்தக் கரை, எந்த ஆண்டு வரை, அதற்குப் பின்னால் ஊரைக் காக்கும் கரை எது, அதன் பொறுப்பு யாருக்கு? இப்படிக் கேட்டால் பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும்.

எங்களுக்குப் பதில் வர ஐந்து மாதம் ஆனது. முதலில் ‘அழைக்கப்பட்டவர்’ என்ற தகுதிதான் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லாமல் போங்கள். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு எண்களோடு போனவர்களை நான்காவதில் உறுப்பினராக்கினார்கள்.

8. பணம்

மானிய விண்ணப்பத்துக்கு 12156 எண் செர்ஃபா (அரசின் பொதுப் படிவம்). கூடவே, குடியரசின் கொள்கைகளை மதிப்போம் என்ற குடியரசு உறுதிமொழி ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். ஓர் ஆண்டில் ஓர் அரசு அமைப்பிடம் 23,000 யூரோவுக்கு மேல் வாங்கினால் தனி ஒப்பந்தம் கட்டாயம்.

ஈரநில வேலைக்குப் பெரிய கை ரோன்-மத்தியதரை-கோர்ஸ் நீர் முகமை. அதன் விதியைக் கவனமாக வாசியுங்கள்: விண்ணப்பம் போகும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது. கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டாலே தொடங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் ஒரு சிறு மதகுக் கதவுக்கு முன்கூட்டி ஆர்டர் கொடுத்து மொத்தச் செலவையும் கையிலிருந்து கட்டினோம். உறுப்பினர்களிடம் அதைச் சொன்ன மாலையை நான் மறக்கமாட்டேன்.

மானியத்தின் கடைசித் தவணை வேலை முடிந்து, பில் எல்லாம் காட்டிய பிறகே வரும். அந்த இடைவெளியைத் தாங்கக் கையில் பணம் இல்லாவிட்டால் நகராட்சியை விண்ணப்பதாரராக்கி நீங்கள் கூட்டாளியாக இருங்கள். தன்னார்வலர் உழைத்த மணிகளைப் பணமதிப்பில் கணக்கில் காட்டலாம். அதற்கு வருகைப் பதிவேடு வேண்டும்.

சதுப்பு நிலம் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: நத்யூரா 2000 சாசனத்தில் கையெழுத்திட்டால் 5 ஆண்டுக்குக் கட்டடமில்லா நில வரியில் உள்ளாட்சிப் பங்கிலிருந்து விலக்கு கேட்கலாம்.

9. மண்வெட்டி எடுக்கும் முன் அனுமதி

நல்ல நோக்கத்தோடு குட்டை தோண்டி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஈரநிலத்தை வடிப்பது, நிரப்புவது, நீரில் மூழ்கடிப்பது எல்லாம் நீர்ச் சட்டத்துக்குள் வரும். 0.1 எக்டேருக்கு மேல் போனால் முன்னறிவிப்பு, 1 எக்டேர் ஆனால் முழு அனுமதி. 0.1 எக்டேர் என்பது ஆயிரம் சதுர மீட்டர்தான். முன்னறிவிப்புக் கோப்பு கொடுத்தால் மறுப்புச் சொல்ல அரசுக்கு 2 மாதம் அவகாசம். நிலம், கடல் விவகாரங்களைக் கவனிக்கும் மாவட்ட அரசு அலுவலகமான டி.டி.டி.எம்.முக்கு வரைபடத்தோடு முதலில் நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

காலத்தையும் பாருங்கள். வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் பறவைகள் கூடு கட்டும், வேலை செய்ய முடியாது. மழை வந்தால் வண்டி இறங்காது. எல்லாம் கழித்தால் செப்டம்பர், அக்டோபரில் சில வாரம்தான் மிஞ்சும். அதற்கு அனுமதி ஜூலைக்குள் கையில் இருக்க வேண்டும், கோப்பு ஏப்ரலுக்குள் போயிருக்க வேண்டும்.

10. ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய ஐந்து வரி

கடைசியில் எல்லாம் ஒரு தாளில் வந்து நிற்கும். அதில் ‘ஆலோசனை’, ‘பங்கேற்பு’ என்ற சொற்கள் தாராளமாக இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, இந்த ஐந்தும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்:

- மாதவாரியாக நீர்மட்டம், எந்தப் பூஜ்யத்திலிருந்து என்ற குறிப்போடு
- மதகின் கைப்பிடி யாரிடம், அவர் ஊரில் இல்லாதபோது யாரிடம்
- புயல், வெள்ளம், பறவைகள் நோயில் சாவது போன்ற அவசரத்தில் யார் யாரைக் கூப்பிட்டு, எத்தனை மணி நேரத்தில் முடிவெடுப்பது
- பழுதுபார்க்கும் செலவு யாருடையது
- அடுத்து எந்த மாதம் உட்கார்ந்து இதைத் திருத்துவது

நான்காவது வரி எங்கள் முதல் ஒப்பந்தத்தில் இல்லை. கதவின் திருகு உடைந்து ஒரு குளிர்காலம் முழுக்க மூடியே கிடந்தது. உரிமையாளர் நிர்வாகியைக் காட்டினார், நிர்வாகி நகராட்சியைக் காட்டினார். அந்தப் பிப்ரவரியில் முதியவர் என்னை மறுபடி மதகடிக்கு அழைத்தார். கதவின் கடல் பக்கம் குஞ்சுகள் திரளாக மோதிக்கொண்டிருந்தன, உள்ளே வர வழியில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்கத்தான் நாங்கள் முதலில் கை தூக்கினோம். இப்போது திருகுக்குக் கிரீஸ் போடும் தேதிகூட அட்டவணையில் இருக்கிறது: அக்டோபர் முதல் வாரம், குஞ்சுகள் வரத் தொடங்கும் முன்.